வேகப் பாதையும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும்

ஆகாய விமானத்தில் இருபது மணி நேரம் உட்கார்ந்திருப்பது கூடப் பெரிய கஷ்டமில்லை. இறங்கிய பிறகு ஒரு மணி நேரம் நிற்கிறோமே, அதுதான் கஷ்டம். கால் வீங்கியிருக்கும், கண் எரியும். அதுவரை சமர்த்தாகத் தூங்கிக்கொண்டு வந்த குழந்தை, "இனி என் முறை" என்பது போல அழத் தொடங்கும். முன்னால் பார்த்தால் முந்நூறு தலைகள். நாடா கட்டிய பாதையில், கோயில் பிராகாரத்தைச் சுற்றுவது போல வளைந்து வளைந்து நகர வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கத்தில் பிள்ளையும் மருமகளும் காத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் தாயாருக்குக் கையில் பாஸ்போர்ட், நெஞ்சில் படபடப்பு, வாயில் மனப்பாடம் செய்து வைத்த நாலு இங்கிலீஷ் வாக்கியங்கள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பாதையில் ஒருவர் விறுவிறு என்று வருகிறார். ஓர் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார், முகத்தைக் காட்டுகிறார், அதிகாரியைப் பார்த்துத் தலையை அசைக்கிறார். போயே போய்விட்டார்!

"யார் அவர்? மந்திரியா, சினிமா நட்சத்திரமா?"

இரண்டும் இல்லை. உங்களையும் என்னையும் போன்றவர்தான். ஆனால் வீட்டிலிருந்து கிளம்புவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒரு விண்ணப்பம் போட்டு, கைரேகை கொடுத்து, விசாரணைக்கு உட்பட்டு, 'இவர் நம்பத் தகுந்தவர்' என்று சர்க்காரிடம் பெயர் வாங்கியவர். இப்படிப் பெயர் வாங்குவதற்கு 'நம்பகப் பிரயாணி' திட்டம் என்று பெயர். அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் இந்த ஏற்பாடு இப்போது சென்னைக்கும் திருச்சிக்கும் வந்துவிட்டபடியால், இதன் நெளிவு சுளிவுகளை நம் வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

திட்டத்தின் தத்துவம் ரொம்ப எளிது. எல்லையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஒரு பிரயாணியைப் பார்க்கக் கிடைப்பது ஓரிரு நிமிஷம். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு தப்புத்தண்டாவும் அறியாதவர்கள். யாரோ ஒருவர்தான் கள்ள பாஸ்போர்ட்டுடன் வருகிறார், அல்லது பெட்டியின் அடியில் எதையோ மறைத்துக் கொண்டுவருகிறார். அந்த ஒருவரைப் பிடிப்பதற்காக எல்லாரையும் ஒரே மாதிரி நிறுத்தி வைப்பானேன்? அடிக்கடி வந்து போகிறவர்களை முன்கூட்டியே சாவகாசமாக விசாரித்து வைத்துக்கொண்டால், அவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டு, தெரியாதவர்களிடம் கவனத்தைச் செலுத்தலாம் அல்லவா? வாடிக்கைக்காரருக்குக் கணக்கில் சாமான் கொடுத்துவிட்டு, புது முகத்திடம் "ரொக்கமா, கடனா?" என்று கேட்கும் மளிகைக் கடைக்காரரின் யுக்திதான் இது.

1993-ல் நியூயார்க், நூவர்க் விமான நிலையங்களில் உள்ளங்கையின் அளவைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் இயந்திரம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. ஆனால் யோசனை நிற்கவில்லை. 1995-ல் மெக்ஸிகோ எல்லையில், கலிபோர்னியாவின் ஓட்டாய் மெஸா என்ற இடத்தில், தினமும் காரில் வந்து போகிறவர்களுக்காக 'சென்ட்ரி' என்ற தனிப் பாதையைத் திறந்தார்கள். பிறகு கனடா எல்லையில் 'நெக்ஸஸ்' என்ற திட்டம் வந்தது. 2008-ல் விமானப் பிரயாணிகளுக்கான 'குளோபல் என்ட்ரி' ஆரம்பமாயிற்று. 2017 முதல் இந்தியப் பிரஜைகளும் அதில் சேரலாம் என்று ஆயிற்று.

நம் நாட்டில் 2024 ஜூன் 22-ந் தேதி டில்லி விமான நிலையத்தில் இதைத் தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் சென்னை, மும்பை, கல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், கொச்சி, ஆமதாபாத் ஆகிய ஏழு இடங்களுக்கு விஸ்தரித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் ஆகிய இடங்களும் சேர்ந்தன. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அண்டை ஊருக்குப் போவது போலப் போய்வருகிற திருச்சி, தஞ்சைக்காரர்களுக்கு இது நல்ல செய்தி.

இந்தியத் திட்டத்தில் யார் சேரலாம்? இந்தியப் பிரஜைகள் சேரலாம், 'ஓ.சி.ஐ.' அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டு வாழ் இந்திய வம்சாவளியினரும் சேரலாம். உள்நாட்டு அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பிப் படமும் தஸ்தாவேஜுகளும் அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். விசாரணை முடிந்து தகவல் வந்ததும், குறிப்பிட்ட விமான நிலையத்திலோ, வெளிநாட்டார் பதிவு அலுவலகத்திலோ கைரேகையும் முகப் படமும் கொடுக்க வேண்டும். அதன்பின் ஐந்து வருஷம், அல்லது பாஸ்போர்ட் முடியும் வரை, எது முந்தியோ அதுவரையில் பதிவு செல்லும்.

பதிவு செய்தவர் தானியங்கிக் கதவின் முன்னால் போய், போகும்போது விமானச் சீட்டையும் பாஸ்போர்ட்டையும், வரும்போது பாஸ்போர்ட்டையும் காட்டினால், இயந்திரம் ஆளைச் சரிபார்த்துக் கதவைத் திறந்துவிடும். திட்டத்தைத் தொடங்கியபோது, இதற்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். ஆகவே, "நான் எல்லாம் முடித்துத் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று எவராவது வந்தால், பணப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்!

அமெரிக்கத் திட்டம் இலவசமல்ல. 2024 அக்டோபர் முதல் குளோபல் என்ட்ரிக்கு 120 டாலர். அதற்கு முன்னால் 100 டாலராக இருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்பி வராது. இதுவும் ஐந்து வருஷம் செல்லும். முதலில் விசாரணை, பிறகு நேர்முகப் பேட்டி. பேட்டிக்கென்று தனியாகப் போக முடியாதவர்கள், பூர்வாங்க அனுமதி கிடைத்த பிறகு அமெரிக்காவில் வந்து இறங்கும்போதே, அந்த வசதி உள்ள விமான நிலையங்களில் பேட்டியை முடித்துக்கொள்ளலாம். இவ்வளவும் ஆனாலும் விசா தனி. நம்பகப் பிரயாணி என்ற பெயர் விசாவுக்கு மாற்றல்ல. சரியான விசா இல்லாதவரை எந்த வேகப் பாதையும் உள்ளே விடாது.

இனி, குடும்பத்தோடு போகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருவோம். இந்த நம்பிக்கை ஆளுக்கு ஆள் தனித்தனி. ரேஷன் கார்டு போல வீட்டுக்கு ஒன்று என்ற பேச்சே கிடையாது. அப்பாவுக்கு குளோபல் என்ட்ரி இருக்கிறது என்பதற்காக அம்மா அந்தப் பாதையில் போக முடியாது. இடுப்பில் இருக்கும் கைக்குழந்தைக்குக்கூடத் தனிப் பதிவு வேண்டும். 2024 அக்டோபர் முதல், பெற்றோர் உறுப்பினராக இருந்தால், அல்லது கூடவே விண்ணப்பித்தால், 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விண்ணப்பம் கட்டாயம். இது தெரியாமல் கணவர் முன்னாலே போய்விட்டு, மனைவியும் இரண்டு குழந்தைகளும் நீண்ட வரிசையில் நின்று வரும் வரை பெட்டிகளுக்குக் காவல் இருந்தால், அவர் மிச்சப்படுத்திய நேரத்தால் என்ன லாபம்? வீட்டுக்குப் போனதும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வட்டியும் முதலுமாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்!

கனடா எல்லையில் இந்த விதி இன்னும் கடுமை. டொரொண்டோ பக்கத்தில் குடியேறியுள்ள இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள், அமெரிக்காவிலுள்ள உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காரிலேயே புறப்படுவது சகஜம். நயாகரா நதியின் மேலே, ஃபோர்ட் ஈரிக்கும் பஃபலோவுக்கும் நடுவில் 'பீஸ் பிரிட்ஜ்' என்ற சமாதானப் பாலம் இருக்கிறது. அங்கே நெக்ஸஸ் உறுப்பினர்களுக்குத் தனிப் பாதை உண்டு. ஆனால் காரில் இருக்கும் அத்தனை பேரும் உறுப்பினராக இருந்தால்தான் அதில் நுழையலாம். பின் ஆசனத்தில் ஊரிலிருந்து வந்த அம்மம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் போதும், கார் பொது வரிசைக்குத்தான் போக வேண்டும். "அம்மம்மாதானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்று நுழைந்தால் அட்டையே பறிபோகலாம்.

சரி, ஆளை நம்பிவிட்டார்கள். பெட்டியை?

இங்கேதான் பலருக்கும் குழப்பம். எல்லையில் கேட்கப்படுவது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. முதலாவது, "நீ யார்?" என்பது. அது பாஸ்போர்ட் அதிகாரியின் கேள்வி. இரண்டாவது, "என்ன கொண்டுவந்தாய்?" என்பது. அது சுங்க அதிகாரியின் கேள்வி. முதல் கேள்விக்கு ஒரு முறை பதில் சொல்லிவைத்தால் ஐந்து வருஷத்துக்குக் காணும். உங்கள் கைரேகை நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று மாறப் போவதில்லையே! இரண்டாவது கேள்விக்கோ ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பதில் சொல்ல வேண்டும். பெட்டி ஒவ்வொரு பிரயாணத்திலும் வேறு பெட்டி.

சென்னையில் தானியங்கிக் கதவு திறந்துவிட்டது என்பதற்காகச் சுங்கத்தின் சிவப்புப் பாதை, பச்சைப் பாதை என்ற ஏற்பாடு மறைந்துவிடவில்லை. வரம்புக்கு மேல் தங்கம் வைத்திருப்பவர் முன்போலவே சிவப்புப் பாதைக்குப் போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவிலும் அப்படியே. 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் இருந்தால் சொல்ல வேண்டும். கொண்டுபோகக் கூடாது என்பதல்ல. சொல்லாமல் கொண்டுபோகக் கூடாது என்பதுதான் சட்டம்.

ஆனால் தங்கமும் டாலரும் எத்தனை பேரிடம் இருக்கப் போகிறது? நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சமையலறைச் சாமானில்தான்.

பிள்ளையைப் பார்க்கப் புறப்படும் தாயார் பெட்டி கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? புடவைகள் நாலு, பாக்கியெல்லாம் பருப்புப் பொடி, அப்பளம், வடாம், முறுக்கு. கடைசியில், துணி மடிப்புக்கு நடுவிலே, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கொத்துக் கறிவேப்பிலை. "அங்கே கிடைக்கிறது வாசனையே இல்லையாமே, இது நம் வீட்டு மரத்து இலை" என்பாள். அந்த இலையில் அவளுடைய அன்பு முழுவதும் இருக்கிறது, வாஸ்தவம். அதோடு கூட இன்னொன்றும் இருக்கலாம்!

கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சும் தாவர சாஸ்திரப்படி ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த வகை மரங்களின் தளிரில் வாழும் மிகச் சிறிய பூச்சி ஒன்று, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிறது. அந்தப் பூச்சி 1998-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா ராஜ்யத்தில் தென்பட்டது. 2005-ல் நோயும் தென்பட்டது. நோய் வந்த மரத்தில் காய் பச்சையாகவே கோணல்மாணலாகத் தங்கிவிடும். மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். இதற்கு மருந்து கிடையாது. 2003-04-ல் ஃபுளோரிடாவில் ஏறக்குறைய 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. நோயும் புயல்களும் சேர்ந்து அடித்ததில் 2023-24-ல் அது 2 கோடிப் பெட்டிக்கும் கீழே போய்விட்டது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் வைத்திருந்தவர்கள் மரங்களை வெட்டிவிட்டு நிலத்தை விற்றார்கள். ஆகவே, பச்சைக் கறிவேப்பிலையைக் கண்டதும் அமெரிக்க அதிகாரி முகம் சுளித்தால், அவருக்கு நம் ரசத்தின் மீது துவேஷம் என்று நினைக்க வேண்டாம். அவர் மனத்தில் அந்தத் தோட்டங்கள் நிற்கின்றன.

அரிசிக்கும் இதே கதைதான். கப்ரா வண்டு என்ற தானிய வண்டுக்குப் பயந்து, நம் நாட்டிலிருந்து பிரயாணிகள் பெட்டியில் அரிசி கொண்டுவருவதை அவர்கள் அனுமதிப்பதில்லை. மாம்பழத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாது.

2018-ல் நடந்த ஒரு சம்பவத்தைப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. பாரிஸிலிருந்து அமெரிக்கா திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு விமானத்தில் சிற்றுண்டியாக ஓர் ஆப்பிள் கொடுத்தார்கள். அப்போது பசியில்லை, பிறகு சாப்பிடலாம் என்று கைப்பையில் போட்டுக்கொண்டார். இறங்கிய இடத்தில் பையைச் சோதித்தார்கள். ஆப்பிள் அகப்பட்டது. அபராதம் 500 டாலர்! அவர் குளோபல் என்ட்ரி உறுப்பினர். அந்த உரிமையும் போய்விடுமோ என்று அவர் கவலைப்பட நேர்ந்தது. விமானத்திலேயே கொடுத்த பழமாயிற்றே என்ற அவருடைய நியாயம் அங்கே எடுபடவில்லை.

"நம்பகமானவர் என்று அவர்களே சர்டிபிகேட் கொடுத்துவிட்டு, பிறகு பையை ஏன் சோதிக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். விதியிலேயே அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். உறுப்பினராயிருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் நிறுத்திச் சோதிக்கலாம். சுங்கச் சட்டத்தையோ, பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தையோ மீறியதாகப் பதிவானால், உறுப்பினர் பதவியை ரத்துச் செய்யலாம். இனிமேல் போடும் விண்ணப்பத்தையும் தள்ளலாம். பொது வரிசையில் வந்தவர் ஒரு பழத்தை மறைத்தால் பழமும் அபராதமும்தான் நஷ்டம். வேகப் பாதையில் வந்தவருக்கு அவற்றோடு பெயரும் நஷ்டம். அதிகம் நம்பப்படுகிறவனுக்குப் பொறுப்பும் அதிகம்.

இதிலிருந்து தப்ப வழி இல்லையா? தாராளமாக இருக்கிறது. செலவில்லாத வழி. சொல்லிவிடுவதுதான்! "என்னிடம் தின்பண்டம் இருக்கிறது, பொடி இருக்கிறது, இலை இருக்கிறது" என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால், அனுமதி உள்ளதை விட்டுவிடுவார்கள், இல்லாததை எடுத்துக் குப்பையில் போடுவார்கள். அவ்வளவுதான். உள்ளதை உள்ளபடி சொன்னவருக்கு அந்தப் பண்டத்துக்காக அபராதம் கிடையாது. இலை போகும், பெயர் போகாது.

தாய்மார்கள் இங்கிலீஷ் தெரியவில்லையே என்று பயப்படவும் வேண்டாம். என்னென்ன சாமான் இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் பிள்ளையை விட்டு எழுதி வாங்கிக்கொண்டு, அதைப் பாஸ்போர்ட்டுடன் சேர்த்து நீட்டினால் போதும். பெட்டி கட்டும்போதே அந்த ஜாபிதா தயாராகிவிட்டால், எதை எடுத்துவிட வேண்டும் என்பதும் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

இன்னும் ஒரு விஷயத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இந்தப் பாதை நமக்கு உரிமையல்ல. அவர்கள் கொடுக்கும் சலுகை. 2020 பிப்ரவரியில், நியூயார்க் ராஜ்யம் இயற்றிய ஒரு சட்டத்தின் காரணமாக மத்திய அரசாங்கத்துக்கும் அந்த ராஜ்யத்துக்கும் தகராறு மூண்டது. உடனே, நியூயார்க்வாசிகள் எவரும் இந்தத் திட்டங்களில் சேரவோ புதுப்பிக்கவோ கூடாது என்று தடை போட்டார்கள். ஜூலையில்தான் தடை நீங்கிற்று. நடுவில் வாடியவர்கள் ஒரு குற்றமும் செய்யாத சாதாரண ஜனங்கள். அதைத் தவிர, நாம் கொடுக்கும் கைரேகையும் முகமும் சர்க்கார் கணக்கில் ஏறிவிடுகின்றன. சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். விரலை மாற்ற முடியாது. இதையெல்லாம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று பொது வரிசையிலேயே நிற்கிறவரை யாரும் பைத்தியக்காரர் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் யார் சேர வேண்டும்? வருஷத்தில் இரண்டு மூன்று தடவை போய்வருகிறவருக்கு, 120 டாலர் கொடுத்தாலும் கட்டும். பேரன் பிறந்ததற்கு ஒரு முறை, அவன் பூணூலுக்கோ படிப்புக்கோ ஒரு முறை என்று எப்போதாவது போகிறவர்களுக்கு, விண்ணப்பம், விசாரணை, பேட்டி என்று அலைவதைவிட வரிசையில் நிற்பதே மேல். நம் ஊர்த் திட்டம் விஷயம் வேறு; அடிக்கடி போகிறவர் அதில் சேர்ந்துகொள்வதில் கைப்பணம் செலவில்லை. நிற்க முடியாத வயோதிகர்களுக்கோ, சீட்டு வாங்கும்போதே விமானக் கம்பெனியிடம் சக்கர நாற்காலி கேட்டுக்கொள்வது எந்த அட்டையையும்விடச் சுலபமான உபாயம்.

எந்தப் பாதையில் போனாலும் இரண்டாவது கேள்வி ஒன்றுதான். அதற்கு உண்மையான பதில் தயாராக இருந்தால், நீண்ட வரிசையும் தாங்கக்கூடியதே. இல்லாவிட்டால், முகத்தைப் பார்த்ததும் திறந்த கதவு, பெட்டியைப் பார்த்ததும் மூடிக்கொள்ளும்.

கறிவேப்பிலைக்கு என்ன செய்வது என்கிறீர்களா? புறப்படுகிற அன்று காலையில் அதைப் பறித்து, நம் வீட்டு ரசத்திலேயே தாளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வயிற்றில் போட்டுக்கொண்டு போவதை எந்தச் சுங்க அதிகாரியும் கேட்கமாட்டார்!